ஊதுகுழல் அம்பும் அடியில் குழி விழுந்த குண்டும்

துப்பாக்கியைப் பத்தி நம்ம ஆளுங்ககிட்ட பேச ஆரம்பிச்சா ரெண்டே நிமிஷத்துல பேச்சு சினிமாவுக்குப் போயிடும். ஆறு குண்டு ரிவால்வர்ல பதினேழு தடவை சுடுற ஹீரோகிட்ட வந்து நிக்கும் :-) நான் சொல்லப் போறது அதைவிடச் சின்ன விஷயம். துப்பாக்கிகூட இல்லை, அதுக்குள்ள போற ஈயக் குண்டு. அதிலும் முனை இல்லீங்க, அடிப்பக்கம். குண்டோட அடியில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழி எங்கிருந்து வந்ததுன்னு தேடிக்கிட்டுப் போனா, நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தர் கையில் இருந்த ஊதுகுழலில் போய் நிக்குது.

முதல்ல ஒரு விளக்கம். தோட்டா வேற, குண்டு வேற. தோட்டான்னா முழுப்பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்புற பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயை அடைச்சிக்கிட்டு குண்டு. சுட்ட பிறகு பறந்து போறது குண்டு மட்டும்தான். கூடு நம்ம காலடியிலேயே விழும். இது பதிவோட கடைசியில் தேவைப்படும், ஞாபகம் வச்சுக்குங்க.

இருநூறு வருஷத்துக்கு முன்னாடி தோட்டாக் கூடு கிடையாது. குழலோட வாய் வழியா மருந்தைக் கொட்டி, உருண்டையான குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடிச்சு உள்ளே தள்ளணும். பிரிட்டிஷ் சிப்பாய் கையில் இருந்த 'பிரவுன் பெஸ்' மஸ்கட்டோட குழல் விட்டம் ஏறக்குறைய 0.75 அங்குலம், அதுக்குப் போட்ட குண்டு 0.69. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! வேணும்னேதான் விட்டாங்க. நாலு தடவை சுட்டதுமே கருமருந்துப் புகைக்கரி குழல் உள்ளே அப்பிக்கும், இறுக்கமான குண்டு இறங்காது. லொடலொடன்னு இருந்தாத்தான் நிமிஷத்துக்கு மூணு தடவை சுட முடியும். ஆனா அந்த இடைவெளி வழியா காத்து எல்லாம் ஓடிடும், குண்டும் குழல் சுவத்துல இப்படி அப்படி முட்டிக்கிட்டு எந்தத் திசையில வெளியே வரும்னு தெரியாது. நூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனைக் குறி வச்சு அடிக்கிறது அதிர்ஷ்டம்.

இன்னொரு பக்கம் ரைஃபிள் இருந்தது. குழல் உள்ளே திருகாணி மாதிரி சுத்திப் போற பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அந்தப் பள்ளத்தைக் கவ்விச் சுழன்றுகிட்டே வந்தா, சுத்தி விட்ட பம்பரம் மாதிரி நிதானமாப் போகும். குறி தப்பாது. ஆனா கவ்வணும்னா இறுக்கமா இருக்கணும், இறுக்கமா இருந்தா மேல இருந்து இறங்காது. மரச்சுத்தியால் அடிச்சு இறக்கின காலமும் உண்டு. எதிரி ஓடி வர்றப்போ நின்னு நிதானமாச் சுத்தியலால் தட்டிக்கிட்டா இருக்க முடியும்?

போடும்போது தளர்வா இருக்கணும், வெளியே வரும்போது இறுக்கமா இருக்கணும். இதுதான் புதிர். பிரான்ஸில் டெல்வின் 1826-ல் ஒரு வழி பண்ணினார்: குழலோட அடியில் மருந்துக்குன்னு ஒடுக்கமான அறை, குண்டு அதன் விளிம்பில் உட்காரும், கம்பியால் ஓங்கி நாலு இடி இடிச்சா நசுங்கி அகலமாகும். 1844-ல் தூவனென்னு இன்னொரு அதிகாரி அடியில் ஒரு இரும்புக் குச்சியை நட்டு அதன் மேல் குண்டை வச்சு இடிக்கச் சொன்னார். ரெண்டுமே இடிக்கிற வேலைதான். இடிச்சு இடிச்சு குண்டோட வடிவமே போயிடும்.

இந்த இடத்துல நம்ம ஊர் வருது. கேப்டன் ஜான் நார்ட்டன், பிரிட்டிஷ் 34-வது ரெஜிமென்ட். தென்னிந்தியாவில் இருந்தப்போ இங்கே மக்கள் பறவை அடிக்கப் பயன்படுத்தின ஊதுகுழலைப் பார்த்திருக்கார். நீளமான குழாய், உள்ளே சின்ன அம்பு, வாயால் ஊதினா பறக்கும். அம்போட அடியில் தாமரைத் தண்டோட சோறு மாதிரி மெத்துன்னு ஒண்ணைச் செருகியிருந்தாங்களாம். ஊதின காத்து பட்டதும் அது விரிஞ்சு குழாய்ச் சுவத்தோட ஒட்டிக்கும். காத்து கொஞ்சம்கூட வீணாகாம மொத்த பலமும் அம்புக்கே போகும். உள்ளே போடும்போது தளர்வு, ஊதும்போது இறுக்கம்!

(இங்கே ஒரு இடைச்செருகல். ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் 'தாமரை'ன்னே எழுதுது. எனக்கு அது நெட்டியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். தாமரைத் தண்டுல ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், சோறு எங்கே இருக்கு? குளத்துல வளர்ற நெட்டிதான் வெள்ளையா, லேசா, அமுக்கினா அமுங்கும். தஞ்சாவூர்ல கோயில் மாதிரி பொம்மை செய்றாங்களே, அதே நெட்டி. வேடிக்கை என்னன்னா வெள்ளைக்காரங்க வெயிலுக்குப் போட்டுக்கிட்ட அந்தத் தொப்பி இருக்கே, அதுவும் இந்த வகைச் செடியில் செஞ்சதுதான். தலையில் இருந்ததுக்கும் அம்புல இருந்ததுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோணலை போல. இது என் ஊகம்தான், தாவரவியல் தெரிஞ்சவங்க யாராவது வந்து திருத்துங்க.)

நார்ட்டன் ஊருக்குத் திரும்பி அதையே ஈயத்துல பண்ணினார். உருண்டை வேண்டாம், நீளமான குண்டு, முனை கூம்பு, அடியில் குழி. மருந்து வெடிச்சதும் வாயு அந்தக் குழிக்குள்ள புகுந்து மெல்லிய ஈய ஓரத்தை வெளியே தள்ளும், ஓரம் விரிஞ்சு பள்ளத்தைக் கவ்வும். சுத்தியலும் வேண்டாம், இடியும் வேண்டாம். 1823-ன்னு சில நூல்கள், 1832-ன்னு சில நூல்கள் சொல்லுது. ராணுவக் குழு பார்த்துட்டு நிராகரிச்சுடுச்சு. காரணம்? போருக்கு உருண்டைக் குண்டுதான் ஏத்ததாம். அவ்வளவுதான் காரணம். கமிட்டின்னா எந்தக் காலத்திலும் கமிட்டிதான்.

1836-ல் வில்லியம் கிரீனர்னு ஒரு துப்பாக்கித் தொழிலாளர் இதை இன்னும் மெருகேத்தினார். குழிக்குள்ள ஒரு கூம்பு ஆப்பைச் செருகினார். வெடிச்சதும் ஆப்பு முன்னால் பாய்ஞ்சு ஓரத்தை விரிக்கும். சோதனையில் நல்லாவே வேலை செஞ்சது. இதையும் வேண்டாம்னுட்டாங்க. குண்டு ரெண்டு துண்டா இருக்காம், செய்றது சிக்கலாம்.

அப்புறம் 1849-ல் பிரெஞ்சுக் கேப்டன் கிளாட் எத்தியேன் மினியே அதே ஆப்பை இரும்புக் கிண்ணமாப் போட்டுக் கொண்டு வந்தார். இதைத்தான் உலகமே 'மினி பால்'னு கூப்பிட ஆரம்பிச்சது. பந்தும் இல்லை, மினியும் இல்லை, பேர் மட்டும் நிலைச்சிடுச்சு. வீட்டுலேயே ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டினதைத் துரத்தின பிரிட்டிஷ் அரசு, மினியேவுக்கு 20,000 பவுன் கொடுத்து உரிமை வாங்கினது! கிரீனர் சும்மா விடலை, வருஷக்கணக்கா மனு மேல மனு. கடைசியா 1857-ல், விரியும் குண்டு என்கிற தத்துவத்தை முதல்ல பகிரங்கமாச் சொன்னவர்னு ஒப்புக்கிட்டு 1,000 பவுன் கொடுத்தாங்க. நார்ட்டன் கணக்குல பேருதான் மிச்சம். ஊதுகுழல் வச்சிருந்தவர் பேரு எந்த ஏட்டிலும் இல்லை. அவருக்கு அந்தப் பொருள் எப்படித் தெரிஞ்சது, அவங்க தாத்தா காலத்துல இருந்தே அப்படித்தானா, எதுவும் யாரும் கேட்டு எழுதி வைக்கலை. தென்னிந்திய ஊதுகுழலையும் வளரியையும் பத்தி ஜேம்ஸ் ஹார்னெல் கட்டுரை எழுதினது 1924-ல். நார்ட்டனுக்கு நூறு வருஷம் கழிச்சு.

1854-ல் கிரீமியப் போர். ஆல்மாவிலும் இன்கெர்மனிலும் மினியே ரைஃபிளோட பிரிட்டிஷ்காரங்க, எதிரே பெரும்பாலும் வழுவழுக் குழல் மஸ்கட்டோட ரஷ்யர்கள். நெருக்கமா வரிசை கட்டி நடந்து வந்த ரஷ்யப் படை, தங்க குண்டு எட்டாத தூரத்திலேயே விழ ஆரம்பிச்சது.

அதுக்குள்ள பிரிட்டன் அடுத்த துப்பாக்கிக்குப் போயிட்டுது: 1853 மாடல் என்ஃபீல்ட், குழல் 0.577 அங்குலம். இதுக்கு முதல்ல வந்த குண்டு பிரிட்செட் வடிவமைச்சது, 0.568 அங்குலம். கால் மில்லிமீட்டருக்கும் குறைஞ்ச இடைவெளி. (இந்த பிரிட்செட் ஓவியரும்கூட. டார்வினோட பீகிள் பயணநூலுக்கு 1890-ல் வந்த பதிப்பில் படங்கள் இவர் போட்டதுதான்.) குண்டைச் சுத்திக் காகிதம், காகிதத்துக்கு மேல கொழுப்பு. காகிதத்தோடவே குண்டைக் குழலுக்குள்ள தள்ளணும். கொழுப்பு இல்லைன்னா அந்தக் கால் மில்லிமீட்டருக்குள்ள கரி அடைச்சிக்கும், குண்டு இறங்காது. காகிதப் பொட்டலத்தோட இன்னொரு முனையைப் பல்லால் கடிச்சுக் கிழிச்சு மருந்தைக் கொட்டணும்னு பயிற்சி விதி.

இதைப் படிச்சதும் உங்களுக்கு மணி அடிச்சிருக்கணும். ஆமாம், அதே தோட்டாதான். பன்றிக் கொழுப்பா, மாட்டுக் கொழுப்பாங்கிற அந்தத் தோட்டா. 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கத்துல டம்டம்மில் ஒரு கலாசி ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவர் செம்புல தண்ணி கேட்க, அவர் மறுக்க, "இன்னும் கொஞ்ச நாள்ல கொழுப்புத் தோட்டாவைக் கடிக்கப் போறீங்க, அப்ப எங்கே இருக்கும் உங்க சாதி"ன்னு இவர் திருப்பிக் கொடுத்ததா அதிகாரிகளோட அறிக்கையிலேயே இருக்கு. பயந்துபோன அரசு, மெழுகும் எண்ணெயும் கலந்து நீங்களே பூசிக்குங்க, பல்லால் கடிக்காம கையால் கிழிச்சுக்கலாம்னு எல்லாம் இறங்கி வந்தது. காலம் கடந்துபோச்சு. மார்ச் 29 பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24 மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவைத் தொட மாட்டோம்னு நின்னாங்க. மே 9-ல் அத்தனை பேர் முன்னாடி அவங்களுக்கு விலங்கு. மறுநாள் சாயங்காலம் மீரட் எரிஞ்சது.

தோட்டா மட்டுமே காரணம்னு சொல்ல வரலை. நிலம், சம்பளம், அயோத்தியை இணைச்சது, மதம்னு மலையளவு காரணம் இருக்கு. ஐம்பது வருஷம் முந்தி 1806-ல் வேலூர்லயும் தலைப்பாகையில் தோல் என்கிற ஒரு பொருள்தானே திரியாச்சு. நான் சொல்றது இதுதான்: அந்தக் கொழுப்பு ஏன் அங்கே இருந்ததுங்கிற கேள்விக்கு விடை அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளியிலும், குண்டோட அடிக்குழியிலும் இருக்கு. தென்னிந்தியாவில் பறவை அடிக்க ஊதின குழலோட தத்துவம் சுத்திச் சுத்தி வந்து வட இந்தியச் சிப்பாயோட பல்லுக்கு நடுவுல நின்னது. பள்ளிக்கூடத்துல கொழுப்பை மட்டும் சொல்லிட்டுக் குழியை விட்டுட்டாங்க.

அதே டம்டம் பேர்ல ஒரு குழப்பமும் உண்டு. 'டம்டம் குண்டு'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது 1890களில் அங்கே செஞ்சது, முனையில் ஈயம் வெளியே தெரியும், உடம்புல பட்டதும் மலரும். 1899 ஹேக் மாநாட்டில் தடை பண்ணாங்க. அதுல விஷயம் முனையில். நாம பேசுறது அடிக்குழி, எதிரியைத் தொடுறதுக்கு முன்னாடியே, குழலுக்குள்ளேயே வேலை முடிஞ்சிடும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

அமெரிக்காவுக்கு வருவோம். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பர்ட்டன். மினியேவோட இரும்புக் கிண்ணத்துல ஒரு தொல்லை இருந்தது. சில சமயம் கிண்ணம் ரொம்ப வேகமா முன்னால் பாய்ஞ்சு குண்டையே துளைச்சிக்கிட்டுப் போயிடும். ஈய ஓரம் மட்டும் வளையமா, குழாயா குழலுக்குள்ளேயே தங்கிடும். சிப்பாய்க்குத் தெரியாது. அடுத்த குண்டைப் போடுவான்... பர்ட்டன் பார்த்தார், கிண்ணம் எதுக்கு? குழியை ஆழமாவும் ஓரத்தை மெல்லிசாவும் பண்ணிட்டா வாயுவே விரிச்சிடுமேன்னு கிண்ணத்தைத் தூக்கிப் போட்டார். அதாவது சுத்தி வளைச்சு நார்ட்டன் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தாங்க. 1855-ல் அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்டது.

1861-65 உள்நாட்டுப் போரில் ரெண்டு பக்கமும் இதைத்தான் சுட்டாங்க. மெதுவா வர்ற, கனமான, மிருதுவான ஈயம். எலும்புல பட்டா எலும்பு முறியாது, நொறுங்கும். நொறுங்கின எலும்பைச் சேர்க்க அன்னைக்கு வைத்தியம் இல்லை, கிருமின்னா என்னன்னே தெரியாது. ரம்பம்தான். வடக்குப் படையில் மட்டும் ஏறக்குறைய 30,000 பேருக்கு கை, கால் எடுத்ததா மருத்துவப் பதிவேடு சொல்லுது. 500 கஜம் வரை குறி பார்க்கிற துப்பாக்கி வந்துட்டதாலதான் இவ்வளவு சாவுன்னு நெடுநாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஏர்ல் ஹெஸ் மாதிரி வரலாற்றாசிரியர்கள் அதை மறுக்கிறாங்க. பெரும்பாலான சண்டை பழைய தூரத்திலேயேதான் நடந்ததாம், சிப்பாய்களுக்குத் தூரக் குறி பார்க்கப் பயிற்சியே கிடையாதாம். படிச்ச வரைக்கும் எனக்கும் அதுதான் சரின்னு படுது.

மினியே அப்புறம் என்ன ஆனார்? 1858-ல் ஓய்வு பெற்று, எகிப்துல ராணுவப் பயிற்சியாளரா இருந்து, அமெரிக்காவுல ரெமிங்டன் கம்பெனியிலும் வேலை பார்த்துட்டு 1879-ல் காலமானார்.

அவர் போறதுக்கு முன்னாடியே அவர் குண்டுக்குத் தேவை தீர்ந்துபோச்சு. பின்பக்கம் திறந்து தோட்டா போடுற துப்பாக்கி வந்தாச்சு. பின்னால போடுறதுன்னா குண்டை முதல்லயே இறுக்கமா செஞ்சுக்கலாம், விரிய வேண்டிய அவசியம் இல்லை. அத்தோட கதை முடிஞ்சிருக்கணும். முடியலை! குழி கைத்துப்பாக்கிக்குக் குடி போயிட்டுது.

காரணம் அளவுக் குளறுபடி. கோல்ட் 0.38 தோட்டா இருக்கே, அதுக்கு முதல்ல குண்டு கூட்டோட வெளி அகலத்துக்கே இருந்தது, 0.375 அங்குலம். பிறகு கூட்டுக்குள்ள அடங்குற மாதிரி 0.357-க்குக் குறைச்சாங்க. சரி, ஏற்கெனவே வித்த பழைய துப்பாக்கிகளோட குழல்? அது பெருசாவே இருக்கே. குண்டு உருளைக்கிழங்கு மாதிரி உருண்டுக்கிட்டுல்ல போகும்? குண்டுக்கு அடியில் குழி போட்டு, விரிஞ்சு நிரப்பிக்கோன்னு விட்டுட்டாங்க. பிரிட்டிஷ் ராணுவத்தோட வெப்ளி ரிவால்வர் 0.455 தோட்டாவிலும், 1891-ல் இருந்து, 265 கிரெய்ன் (17 கிராம்) எடையுள்ள அடிக்குழி ஈயக் குண்டுதான்.

இன்னொரு வீடு குறிபார்க்கும் போட்டி. 0.38 ஸ்பெஷல் தோட்டாவுல 148 கிரெய்ன் குண்டு, முனையே கிடையாது, சீப்பிரெடுத்த பென்சில் மாதிரி மொட்டையா தட்டையா இருக்கும், அடியில் ஆழமான குழி. தட்டை முனை காகித இலக்குல பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்ட ஓட்டை போடும், மதிப்பெண் எண்றதுல தகராறு வராது. மருந்து கொஞ்சமா, உதைப்பு கம்மியா, ஆனா மெல்லிய ஓரம் அந்தக் கொஞ்ச அழுத்தத்துக்கே விரிஞ்சு குழலை நிரப்பிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1961-ல் கொண்டுவந்த 52-ம் மாடல் பிஸ்டல் இந்த ஒரே குண்டுக்குன்னே செஞ்சது.

இந்தப் போட்டிக்காரங்க கடையில் தோட்டா வாங்குறதைவிட சொந்தமா மறுபடி நிரப்புறதுதான் அதிகம். காலடியில் விழுந்த கூட்டை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, இதுக்குத்தான். தோட்டாவுல விலை உயர்ந்த பாகம் அந்தப் பித்தளை. செத்த பிரைமரைத் தட்டி எடுத்துட்டு, கூட்டை அளவுக்கு நசுக்கி, புது பிரைமர், மருந்து, குண்டு வச்சா மறுபடி தோட்டா. அமெரிக்காவில் 1884-லேயே ஜான் பார்லோவோட ஐடியல் கம்பெனி கிடுக்கி மாதிரி ஒரு கைக்கருவி பண்ணி வித்தது. (இதுல ஒரு கூத்து. மையத்துல ஒரே ஓட்டை உள்ள, சுலபமா ஊசியால் தட்டி எடுக்கக்கூடிய பிரைமர், பாக்சர்ங்கிற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சது. அதை அமெரிக்கா வச்சிருக்கு. ரெண்டு ஓட்டை உள்ள, எடுக்கக் கஷ்டமான பிரைமர், பெர்டன்ங்கிற அமெரிக்கர் கண்டுபிடிச்சது. அது ஐரோப்பாவுக்குப் போயிடுச்சு. இந்தப் பண்டமாற்று மட்டும் நடக்கலைன்னா அமெரிக்காவுல இந்தப் பொழுதுபோக்கே இவ்வளவு வளர்ந்திருக்காது.)

வெறும் ஈயத்துக்கு ரெண்டு வியாதி. குழல் உள்ளே ஈயம் பூசிக்கும், சுடுற அறைக்குள்ள ஈயப் புகை வரும். அதுக்கு மாத்துதான் முலாம் பூசின குண்டு. ஈயக் குண்டுகளைச் சுழலும் பீப்பாயில் போட்டு, செம்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, மெல்லிசாத் தாமிரம் ஏத்தி, அப்புறம் அச்சுல அமுக்கிச் சரியான அளவுக்குக் கொண்டு வர்றாங்க. நம்ம கவரிங் நகை மாதிரிதான். தடிமனான தாமிரத் தகட்டு உறை போட்ட குண்டைவிட விலை குறைவு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பெர்ரிஸ்னு ஒரு கம்பெனி இந்த முலாம் குண்டுலயும் அடிக்குழி வச்சு 9 மி.மீ பிஸ்டலுக்கு விக்குது.

இப்போ எதுக்குக் குழி? 9 மி.மீ தோட்டாவோட அழுத்தத்துக்கு குண்டு விரியக் குழி தேவையே இல்லை. இங்கே காரணம் வேற: அதே எடை ஈயத்துல அடியில் குழி வச்சா குண்டு நீளமாகும். நீளமானா குழல் பள்ளத்தோட உராயற பக்கம் அதிகம், எடை முன்பக்கம் சேரும், நேராப் போகும்னு கணக்கு. நீளமான குண்டு கூட்டுக்குள்ள ஆழமா இறங்கி மருந்து இடத்தைப் பிடிச்சுக்காதோன்னு நான் முதல்ல யோசிச்சேன். எடை ஒண்ணுன்னா ஈயத்தோட கன அளவும் ஒண்ணுதானே, அடைச்சுக்கிட்ட இடத்தைக் குழியே திருப்பிக் கொடுத்துடுது. அட, ஆர்க்கிமிடீஸ்!

ஆனா பழைய பூதம் இன்னும் போகலை. குழியைச் சுத்தியுள்ள மெல்லிய ஓரத்தை அவங்க பாவாடைன்னே சொல்றாங்க. போட்டிக் குண்டுல, இன்னும் வேகமாப் போகட்டுமேன்னு மருந்தைக் கூட்டினா, பாவாடை பிய்ஞ்சு குழலுக்குள்ள தங்கிடும், தலை மட்டும் போகும். அடுத்த குண்டு அதன் மேல மோதினா குழல் பானை வயிறு மாதிரி வீங்கும், வெடிக்கவும் செய்யும். முலாம் குண்டுலயும் கூட்டு வாயை ரொம்ப இறுக்கினா தாமிரத்தோல் வெட்டுப்பட்டு ஈயம் தனி, தோல் தனின்னு ஆகும். தயாரிக்கிறவங்களே வேக வரம்பு போட்டுத்தான் விக்கிறாங்க. மினியேவோட இரும்புக் கிண்ணம் விட்டுட்டுப் போன அதே ஈய வளையம், 170 வருஷம் கழிச்சும். அதனால மறுநிரப்பு செய்றவங்களுக்கு முதல்நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்: சத்தம் 'புஸ்'ன்னு வித்தியாசமாக் கேட்டா அடுத்ததைச் சுடாதே. தோட்டா எல்லாத்தையும் வெளியே எடு. குழலோட ஒரு முனையில் வெளிச்சம் காட்டி மறுமுனையில் தெரியுதான்னு பார்.

டிஸ்கி: நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். இதைப் படிச்சுட்டு யாரும் கோலிக்குண்டு அளவுல ஈயம் உருக்கக் கிளம்பிடாதீங்க. நெட்டி பத்தின சந்தேகத்துக்கு மட்டும் பதில் தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.